மஸ்கட் ரியாலா, பஹ்ரைன் தினாரா? பழைய ரேட் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாகப்பிரிவினை, ஒற்றி ஆவணம், பழைய வங்கிச் சீட்டு, கல்லூரிப் புராஜெக்ட் என்று குமரி மாவட்டத்திலிருந்து நாணய மாற்று மதிப்பு பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. டாலருக்கும் பவுண்டுக்கும் பழைய ரேட் தேடி எடுப்பது அவ்வளவு கடினமில்லை. ரியாலுக்குத் தினார், பழைய திருவிதாங்கூர்ச் சக்கரத்துக்குச் சிலோன் ரூபாய் என்று நேரடியாக மாற்றிக்கொள்ளச் சந்தையே இல்லாத ஜோடிகளில்தான் குழப்பம் வருகிறது. அப்படிப்பட்ட கேள்விகளுக்கே இங்கே இடம் கொடுத்திருக்கிறோம்.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து கட்டிய வீடு. 1984-ல் அப்பா மஸ்கட்டிலிருந்து 600 ரியால் அனுப்பினார். 1987-ல் சித்தப்பா பஹ்ரைனிலிருந்து 600 தினார் அனுப்பினார். பாகம் பிரிக்கும் நேரத்தில், "ரியாலைவிடத் தினாருக்கு மதிப்பு கூடுதல், எங்கள் பங்குதான் பெரிது" என்கிறார்கள். நெட்டில் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது. உண்மையா?
– வாசகி, குளச்சல்

இன்றைக்கு அது உண்மை. 1984-ல் ஓமன் ரியால்தான் கூடுதல்.

இரண்டுமே டாலரோடு கட்டிவைக்கப்பட்ட நாணயங்கள். 1980-ன் இறுதியிலிருந்து ஒரு டாலருக்கு 0.376 தினார் என்பதை பஹ்ரைன் மாற்றவே இல்லை. ஓமன் ஒருமுறை மாற்றியது. 1973 முதல் ஒரு ரியாலுக்கு 2.895 டாலர் என்று இருந்ததை, எண்ணெய் விலை சரிந்துகொண்டிருந்த 1986 ஜனவரியில் 2.6008 டாலராகக் குறைத்தது. சுமார் 10 சதவீத வெட்டு. அன்றிலிருந்து இன்றுவரை அதே 2.6008தான்.

ரியாலுக்கும் தினாருக்கும் நடுவே டாலரை வைத்துப் பெருக்குங்கள்:

1986 ஜனவரி மாற்றத்துக்கு முன்: 2.895 × 0.376 = 1.0885. ஒரு ரியால் கொடுத்தால் ஒரு தினாருக்கு மேல்.
அதற்குப் பின்: 2.6008 × 0.376 = 0.9779. ஒரு ரியால் ஒரு தினாரைத் தொடாது.

நெட்டில் நீங்கள் பார்த்தது இரண்டாவது எண். அதை 1984-க்குப் பொருத்தியதில்தான் தவறு. சில மாற்றுக் கணிப்பான்கள் பழைய தேதியைக் கொடுத்தாலும் இன்றைய நிலை விகிதத்தையே பின்னோக்கி நிரப்பிவிடுகின்றன. ஒரு கணிப்பானை நம்பலாமா என்று பார்க்க இந்த ஜோடியே நல்ல சோதனை. 1984-ல் ஏதாவது ஒரு தேதி கொடுத்து, ஒரு ரியாலுக்கு எத்தனை தினார் என்று கேளுங்கள். 1.088 வந்தால் அந்தக் காலத்துத் தரவு உள்ளே இருக்கிறது. 0.978 வந்தால் அதை மூடிவிடுங்கள்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. அப்பாவின் 600 ரியால் 1,737 டாலர். சித்தப்பாவின் 600 தினாரை 0.376-ஆல் வகுத்தால் 1,595.74 டாலர். டாலர் கணக்கில் அப்பா அனுப்பியதுதான் அதிகம். ஆனால் வீடு டாலரில் கட்டப்படவில்லை. செங்கல்லும் சிமெண்டும் ரூபாயில் வாங்கியவை. 1984-ல் டாலரின் ஆண்டுச் சராசரி சுமார் 11.36 ரூபாய், 1987-ல் சுமார் 12.96. அப்படிப் பார்த்தால் அப்பாவின் பணம் ஏறத்தாழ 19,730 ரூபாய், சித்தப்பாவின் பணம் ஏறத்தாழ 20,680 ரூபாய். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் ரூபாய் இறங்கியதால் சித்தப்பாவுக்குச் சுமார் 950 ரூபாய் கூடுதலாக வந்திருக்கிறது. தினாருக்கும் ரியாலுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் இதற்குக் காரணமில்லை. 1984-ல் வாங்கிய சிமெண்டுக்கும் 1987-ல் வாங்கிய சிமெண்டுக்கும் விலை ஒன்றல்ல என்பதையும் பாகம் பேசும்போது நினைவில் வையுங்கள்.

மேலே சொன்னவை ஆண்டுச் சராசரி. வங்கி உங்கள் கையில் கொடுத்தது இதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருந்திருக்கும். வாங்கும் விலையும் கமிஷனும் உண்டு. டிராஃப்ட் வரவான பாஸ்புக் வரியோ கடிதமோ கிடைத்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அதில் உள்ள ரூபாய்த் தொகைதான் கடைசிச் சொல்.

ஞாயிற்றுக்கிழமைத் தேதிக்கு ரேட் எப்படிப் பார்ப்பது?
– வாசகர், கருங்கல்

அதற்கு முந்தைய வேலைநாள் ரேட்டை எடுங்கள். இரண்டு நாணயங்களுக்கும் ஒரே நாளை எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஓமனில் வெள்ளியும் சனியும் விடுமுறை (2013-க்கு முன் வியாழனும் வெள்ளியும்). நம் நாட்டில் வெள்ளி வேலைநாள். ஒரு பக்கம் வியாழன் ரேட்டும் மறுபக்கம் வெள்ளி ரேட்டும் எடுத்துப் பெருக்கினால், அன்று சந்தை ஆடியிருந்தால் அந்த ஆட்டம் முழுவதும் உங்கள் விடையில் பிழையாக ஏறிவிடும்.

பாட்டாவின் அப்பா சிலோன் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். அவர் அனுப்பிய பணத்தை வீட்டில் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறார்கள். கொல்லம் (மலையாள ஆண்டு) 1098 என்று போட்ட பக்கத்தில், '45 ரூபாய் வரவு, சக்கரம் 1282 காசு 8' என்று இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் '45 ரூபாய், சக்கரம் 1260'. ஒரே 45 ரூபாய்க்கு இரண்டு கணக்கு எப்படி? எழுதியவர் தவறிவிட்டாரா?
– வாசகர், இரணியல்

எழுதியவர் தவறவில்லை. மிகத் துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கிறார். இரண்டு பக்கங்களில் இருப்பது இரண்டு வேறு ரூபாய்கள்.

கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை நான்கும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும்வரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. திருவிதாங்கூருக்கென்று தனி நாணயம் இருந்தது: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். எனவே சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு, அதாவது இருபத்தெட்டரைச் சக்கரம்.

45-ஐ இருபத்தெட்டரையால் பெருக்கிப் பாருங்கள்: 1282½. அரைச் சக்கரம் என்பது 8 காசு. முதல் பக்கத்து எண் அப்படியே வந்துவிட்டது. 45-ஐ 28-ஆல் பெருக்கினால் 1260. அது இரண்டாம் பக்கம். ஆக, முதல் பக்கத்தில் வரவானது பிரிட்டிஷ் ரூபாய் அல்லது அதற்குச் சமமான சிலோன் ரூபாய். இரண்டாம் பக்கத்தில் இருப்பது உள்ளூர்ச் சர்க்கார் ரூபாய். அந்தக் காலத்தில் சிலோன் ரூபாயும் இந்திய ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று. சிலோனில் அதை நூறு சதமாகப் பிரித்தார்கள், இங்கே 16 அணாவாக. எனவே ஒரு சிலோன் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு என்பதுதான் அன்றைய மாற்று விகிதம். அதைத் தனியாக எங்கும் தேட வேண்டியதில்லை.

ஓர் ஆவணத்தில் வெறும் 'ரூபாய்' என்று மட்டும் இருந்து, அது எந்த ரூபாய் என்று தெரியாவிட்டால் இதே வழியைக் கையாளுங்கள். அதே ஆவணத்தில் சக்கரத்தில் ஒரு தொகை எங்காவது இருக்கும். அதை ரூபாய்த் தொகையால் வகுத்தால் 28 வருகிறதா, 28½ வருகிறதா என்பது காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் வராமல் 28-க்கும் கீழே போனால், இடையில் மணியார்டர் கட்டணமோ கைமாற்றுக் கூலியோ பிடித்திருக்கிறார்கள் என்று பொருள் கொள்ளலாம்.

ஒற்றித் தொகைகள் பெரும்பாலும் 'பணம்' என்ற அந்த நாணயக் கணக்கில் இருப்பதால் இன்னொரு கணக்கும் கைவசம் இருக்கட்டும். 57 சர்க்கார் ரூபாயும் 56 பிரிட்டிஷ் ரூபாயும் சமம். இரண்டும் 1,596 சக்கரம், 399 பணம். 400 பணம் ஒற்றி என்று எழுதியிருந்தால், சர்க்கார் கணக்கில் 57 ரூபாய் 4 சக்கரம், பிரிட்டிஷ் கணக்கில் 56 ரூபாய் 4 சக்கரம். அணாவில் சொன்னால் ஒரு சர்க்கார் ரூபாய் 15 அணா 8½ பைக்குச் சற்று மேல் (12 பை ஓர் அணா). 'பணம்' என்ற சொல்லுக்கு முன்னால் ஏதாவது அடைமொழி இருந்தால் மட்டும் நான்கு சக்கரக் கணக்கை உடனே போட்டுவிடாதீர்கள். பழைய பணங்களில் பொன்னால் செய்தவையும் உண்டு. அந்த ஆவணத்திலேயே சக்கரத்தோடு ஒப்பிட்ட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தேதிக்கு: கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்ஙம் (ஆவணி) ஒன்றாம் தேதி பிறக்கும். ஆங்கில ஆண்டு முடிவதற்கு முன் வரும் மாதங்களுக்கு 824-ம் ஜனவரிக்குப் பின் 825-ம் கூட்டுங்கள். 1098 என்பது 1922 ஆகஸ்ட் முதல் 1923 ஆகஸ்ட் வரை. தனு (மார்கழி) மாதம் ஜனவரிக்குள்ளும் நீளும் என்பதால் அந்த ஒரு மாதத்தில் நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து திரும்பியது. தாத்தாவின் பழைய கணக்குப் புத்தகத்தில் 1965, 1967, 1970 என்று வெவ்வேறு ஆண்டுகளில் சிலோன் ரூபாய்த் தொகைகள் உள்ளன. எல்லாவற்றையும் ஒன்றுக்கு ஒன்று என்று இந்திய ரூபாயாக எழுதிவிடலாமா?
– வாசகர், கீரிப்பாறை

1966 ஜூன் 5 வரை எழுதலாம். அதற்குப் பிறகு எழுதினால் தாத்தாவின் சேமிப்பு பெரிய அளவில் தப்பாகக் காட்டும்.

1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆனது. சிலோன் அப்போது குறைக்கவில்லை, 4.76-லேயே நின்றது. ஒரே நாளில் 100 சிலோன் ரூபாய்க்கு 157 ரூபாய் 50 காசு என்று ஆகிவிட்டது. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது சிலோனும் தன் ரூபாயை 20 சதவீதம் குறைத்து, டாலருக்கு 5.95 என்று வைத்தது. இந்தியா இந்த முறை அசையவில்லை. 100 சிலோன் ரூபாய்க்கு 126 இந்திய ரூபாய் ஆனது. ஆகவே உங்கள் புத்தகத்தில் 1967-ல் உள்ள தொகைகளுக்கு மாதம் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது. அக்டோபர் என்றால் 157.50, டிசம்பர் என்றால் 126.

1970-தான் சிக்கலானது. 1968 மே மாதம் முதல் சிலோனில் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் என்று ஒரு முறை வந்தது. அரிசி, மாவு போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும், தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்கும் அதிகாரபூர்வ விகிதம். மற்ற பலவற்றுக்குச் சான்றிதழ் வாங்கி, அதன் விலையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் முதலில் 44 சதவீதம், 1970 வாக்கில் 55 சதவீதம், பிறகு 65. அப்படியானால் 1970-ல் 100 சிலோன் ரூபாய்க்கு அதிகாரபூர்வ விகிதத்தில் 126 இந்திய ரூபாய். சான்றிதழ் வழியில் போனால் 126-ஐ 1.55-ஆல் வகுத்த 81 ரூபாய் 29 காசு. ஒரே நாள், ஒரே நூறு ரூபாய், இரண்டு விடை. அட்டவணைகளில் பெரும்பாலும் முதல் எண்தான் கிடைக்கும். தொகை எதற்காக எந்த வழியில் மாறியது என்று தெரிந்தால் மட்டுமே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தெரியாவிட்டால் இரண்டையும் அருகருகே எழுதிவையுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி போடுவது அறவே கூடாது. அந்தச் சராசரி ரேட்டில் யாரும் எந்தக் காலத்திலும் பணம் மாற்றியதில்லை.

1977 நவம்பரில் இலங்கை இந்த இரட்டை முறையை ஒழித்து, டாலருக்கு 16 ரூபாய் என்று ஒரே விகிதமாக்கியது. நம் ரூபாய் அப்போது டாலருக்கு ஏறத்தாழ எட்டரை. 100 இலங்கை ரூபாய்க்கு 53 இந்திய ரூபாய் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

பெட்டியில் ஒரு சிவப்பு நிறப் பத்து ரூபாய் நோட்டு இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி நோட்டுதான். ஆனால் வரிசை எண் 'இசட்' எழுத்தில் தொடங்குகிறது. என்ன மதிப்பு?
– வாசகர், திருவிதாங்கோடு

அது வளைகுடா ரூபாய். 1959-ல் வளைகுடா நாடுகளின் புழக்கத்துக்கென்றே ரிசர்வ் வங்கி தனி நிறத்தில் வெளியிட்டது. இந்தியாவுக்குள் செல்லாது. வெளியே இந்திய ரூபாய்க்குச் சமம். 1961-ல் குவைத் தன் தினாரைக் கொண்டுவந்தபோது 13⅓ ரூபாய்க்கு ஒரு தினார் கொடுத்தது. 1965-ல் பஹ்ரைன் 10 ரூபாய்க்கு ஒரு தினார் கொடுத்தது. உங்கள் கையில் இருப்பது அன்றைய கணக்கில் சரியாக ஒரு பஹ்ரைன் தினார், அல்லது முக்கால் குவைத் தினார். இப்போது சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை மட்டுமே. அது நோட்டின் நிலையைப் பொறுத்தது. மடிப்பை நீக்க இஸ்திரி போடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள்.

புராஜெக்டுக்காக 2022-ல் ஓமன் ரியால் – இலங்கை ரூபாய் சராசரி எடுத்தேன். 'ஒரு ரியாலுக்கு எத்தனை ரூபாய்' என்று மாதாமாதம் எடுத்துச் சராசரி போட்டால் ஒரு விடை. 'ஒரு ரூபாய்க்கு எத்தனை ரியால்' என்று எடுத்துச் சராசரி போட்டுத் திருப்பினால் வேறு விடை. எங்கே தவறு?
– மாணவி, நாகர்கோவில்

கூட்டலில் தவறில்லை. இரண்டு விடைகளும் இரண்டு வேறு கேள்விகளுக்கு உரியவை.

2022-ல் இது பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் உண்டு. மார்ச் தொடக்கம்வரை டாலருக்கு 200 சொச்சத்தில் பிடித்துவைத்திருந்த ரூபாயை இலங்கை விட்டுவிட்டது. மே மாதத்துக்குள் 360-ஐ எட்டியது. எளிமைக்காக இரண்டே மாதங்கள் என்று வைத்துக்கொள்வோம், ஒன்றில் 200, மற்றதில் 360. ரியால் 2.6008 டாலரில் நிலையாக இருப்பதால் ஒரு ரியாலுக்கு முதல் மாதம் 520.16 ரூபாய், இரண்டாம் மாதம் 936.29. சராசரி 728.22. இப்போது தலைகீழாகப் போடுங்கள். முதல் மாதம் ஒரு ரூபாய்க்கு 0.0019225 ரியால், இரண்டாம் மாதம் 0.0010680. சராசரியைத் திருப்பினால் 668.78. வித்தியாசம் ஏறத்தாழ 59 ரூபாய்.

மஸ்கட்டில் மாதம் 100 ரியால் சம்பாதித்து, ஊருக்கு அனுப்பியவர் மாதத்துக்குச் சராசரியாக எவ்வளவு ரூபாய் பெற்றார் என்பது உங்கள் கேள்வியானால் 728.22 சரி. ஊரில் மாதம் 50,000 ரூபாய் செலவை ஈடுகட்டச் சராசரியாக எவ்வளவு ரியால் தேவைப்பட்டது என்பது கேள்வியானால் 668.78 சரி. எந்தப் பக்கம் தொகை மாறாமல் இருக்கிறதோ, அந்த நாணயத்தின் ஓர் அலகுக்கு மற்றது எவ்வளவு என்று எழுதிச் சராசரி எடுங்கள். விகிதம் ஆடாத ஆண்டுகளில் இரண்டுக்கும் வேறுபாடு பைசாவில் நின்றுவிடும். அதனால்தான் பலருக்கு இது கண்ணில் படுவதில்லை.

இன்னும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். மாதச் சராசரியும் மாத இறுதி மதிப்பும் அட்டவணைகளில் அடுத்தடுத்த நிரலில் இருக்கும். சர்வதேச நாணய நிதியத்தின் புள்ளிவிவரத் தொகுப்பிலும் அப்படித்தான். ஒரு நாணயத்துக்குச் சராசரியையும் மற்றதற்கு மாத இறுதியையும் எடுத்தால் மார்ச் 2022 போன்ற மாதத்தில் விடை எங்கேயோ போய்விடும். அடுத்தது, வளைகுடா நாணயங்களில் மூன்று தசம இடம் உண்டு. ரியாலுக்கு 1,000 பைசா. 0.376-ஐ 0.38 என்று சுருக்கினால் அங்கேயே ஒரு சதவீதத்துக்கு மேல் பிழை. கடைசி வரியில் மட்டும் சுருக்குங்கள். மூன்றாவது, பெருக்குவதா வகுப்பதா என்ற தடுமாற்றம். கணக்குப் போடுவதற்கு முன்பே எது கனமான நாணயம் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். ஒரு ரியாலுக்கு 78 இலங்கை ரூபாய் என்று விடை வந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

தங்கை மாலத்தீவில் ஆசிரியை. 2010 முதல் அவர் பெற்ற சம்பளத்தை ஆண்டுவாரியாக இந்திய ரூபாயில் எழுத வேண்டும். ரூஃபியா ரேட் எந்த வங்கிப் பட்டியலிலும் இல்லையே?
– வாசகர், மார்த்தாண்டம்

சுங்கத்துறை வெளியிடும் பட்டியலிலும் இருக்காது. அதில் பஹ்ரைன், குவைத், கத்தார், சவுதி, அமீரகம் உண்டு. ரூஃபியாவும் ஓமன் ரியாலும் இலங்கை ரூபாயும் இல்லை. டாலர் வழியாகத்தான் போக வேண்டும்.

2001-ல் 11.77-லிருந்து 12.80-க்குக் குறைக்கப்பட்ட ரூஃபியா, 2011 ஏப்ரல் வரை அங்கேயே நின்றது. 2011 ஏப்ரலில் 12.85-ஐ நடுவாக வைத்து, இருபக்கமும் 20 சதவீதம் ஆடலாம் என்று மாலத்தீவு அறிவித்தது. கீழ் எல்லை 10.28, மேல் எல்லை 15.42. நடைமுறையில் ரூஃபியா மேல் எல்லையில் போய் ஒட்டிக்கொண்டது. சிலர் அறிவிப்பைப் படித்துவிட்டு 2011-க்குப் பின்னும் 12.85 என்று போடுகிறார்கள். அப்படிப் போட்டால் சம்பளம் 20 சதவீதம் கூடுதலாகத் தெரியும். 2010-க்கு 12.80, 2011-ஐ ஏப்ரலில் இரண்டாக வெட்டுங்கள், அதன் பிறகு 15.42 என்ற எண்ணையே அடிப்படையாக வையுங்கள்.

தாளில் வரும் மதிப்பு வேறு, கையில் வந்த பணம் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே வங்கியில் டாலர் அளவாகத்தான் கிடைக்கும். மீதிக்கு வெளியே கூடுதல் ரூஃபியா கொடுத்து டாலர் வாங்குபவர்கள் உண்டு. உதாரணத்துக்கு, டாலர் 84 ரூபாயாக இருக்கும் நாளில் 10,000 ரூஃபியாவை 15.42 விகிதத்தில் மாற்றினால் 54,475 ரூபாய். ஒரு டாலருக்கு 17 ரூஃபியா கொடுக்க நேர்ந்தால் 49,412 ரூபாய்தான். தங்கையின் சேமிப்பை அறிய வேண்டுமானால் அவர் கணக்கில் வரவான ரூபாயைப் பாருங்கள்.

வரிக்காக என்றால் விதியே வேறு. 1961 வருமானவரிச் சட்டத்தின் கீழ் வரும் ஆண்டுகளுக்கு, விதி 115 ஸ்டேட் வங்கியின் தந்தி மாற்று (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) வாங்கும் விலையைக் கேட்கிறது. சம்பளத்துக்கு, அந்தச் சம்பளம் சேரவேண்டிய மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் விலை. மார்ச் சம்பளம் என்றால் பிப்ரவரி கடைசி நாள். ஆண்டுச் சராசரி அங்கே செல்லாது. அந்த ஆண்டில் அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்ற நிலையில் இருந்து, சம்பளம் அங்கேயே பெற்றதாக இருந்தால் இங்கே வரிக்கணக்கே எழாது. முதலில் ஆண்டுவாரியாகத் தங்கிய நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஈரானில் படகு வேலைக்குப் போன மகனுக்குப் பங்குப் பணம் பேசியதில் பெரிய குழப்பம். அவர்கள் சொன்ன எண்ணும் கையில் வந்த எண்ணும் பத்து மடங்கு வித்தியாசம். பஹ்ரைனில் இருக்கும் அண்ணன் சம்பளத்தோடு எப்படி ஒப்பிடுவது?
– வாசகர், தூத்தூர்

பத்து மடங்கு என்றால் அது தோமான். ஈரானில் எழுதுவது ரியாலில், வாய்ப்பேச்சு தோமானில். 10 ரியால் ஒரு தோமான். பேசும்போதே 'ரியாலா, தோமானா' என்று கேட்டு, தாளில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

ஒப்பிடுவதில் அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. 2018 ஏப்ரலில் ஈரான் அரசு டாலருக்கு 42,000 ரியால் என்று நிர்ணயித்தது. அந்த எண்ணை வைத்தால் ஒரு பஹ்ரைன் தினாருக்கு 1,11,702 ரியால். ஆனால் அந்த விலையில் டாலர் சாதாரண ஆளுக்குக் கிடைத்ததில்லை; சந்தையில் ரியால் அதைவிட வெகுவாகக் கீழே போய்விட்டது. 42,000-ஐ வைத்து ஒப்பிட்டால் மகன் அண்ணனைவிடப் பல மடங்கு சம்பாதித்ததாகத் தாளில் வரும். அது பொய்க் கணக்கு. பங்குப் பணத்தைத் திர்ஹமாகவோ டாலராகவோ மாற்றியபோது எத்தனை கிடைத்தது என்று கேளுங்கள். அந்த எண்ணைத் தினாரோடு ஒப்பிடுங்கள். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம், 0.376 தினார், எனவே ஒரு தினாருக்கு 9.767 திர்ஹம். இந்த இரண்டும் நிலையானவை என்பதால் இந்த ஒப்பீடு நம்பகமானது.

1992 ஆகஸ்டில் மஸ்கட்டிலிருந்து வந்த 300 ரியாலுக்கு வங்கி வரவு வைத்த தொகை, நான் எந்த ரேட்டைப் போட்டாலும் ஒத்துவரவில்லை. வங்கி ஏமாற்றிவிட்டதா?
– வாசகர், தோவாளை

ஏமாற்றவில்லை. 1992 மார்ச் முதல் 1993 பிப்ரவரி வரை இந்தியாவிலேயே இரண்டு ரேட் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் 40 சதவீதத்தை ரிசர்வ் வங்கியின் அதிகாரபூர்வ விலையிலும், 60 சதவீதத்தைச் சந்தை விலையிலும் மாற்றிக் கொடுத்தார்கள். அதிகாரபூர்வ விலை டாலருக்கு 26 ரூபாயை ஒட்டி இருந்தது; சந்தை விலை அதற்கு மேலே.

300 ரியால் 780.24 டாலர். அன்றைய சந்தை விலை 30 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 40 சதவீதமான 312.10 டாலருக்கு 26 வீதம் சுமார் 8,114 ரூபாய். 60 சதவீதமான 468.14 டாலருக்கு 30 வீதம் சுமார் 14,044 ரூபாய். மொத்தம் 22,158 ரூபாய்க்கு அருகில், அதாவது ரியாலுக்கு 73 ரூபாய் 86 காசு. முழுவதும் 26-ல் போட்டிருந்தால் 20,286, முழுவதும் 30-ல் போட்டிருந்தால் 23,407. உங்கள் சீட்டில் உள்ள தொகை இந்த இரண்டுக்கும் நடுவில் விழுவதால்தான் எதனோடும் ஒத்துவரவில்லை.

சீட்டில் தேதி தெளிவாக இருந்தால், அந்த நாளின் சந்தை விலையை எடுத்து 30-க்குப் பதிலாக வையுங்கள். அதன் பிறகும் சில பத்து ரூபாய் குறைந்தால் அது வங்கியின் கமிஷன். பல நூறு குறைந்தால், டிராஃப்ட் எடுத்த நாளும் இங்கே வரவான நாளும் ஒன்றுதானா என்று பாருங்கள். டிராஃப்ட் ரூபாயில் எழுதப்பட்டிருந்தால் விலை மஸ்கட்டில் அது எடுக்கப்பட்ட நாளிலேயே முடிந்துவிட்டது. அப்படியானால் நீங்கள் பார்க்க வேண்டியது ஆகஸ்ட் ரேட் அல்ல, தபாலில் கிடந்த நாட்களுக்கு முந்தைய ரேட்.